கம்பஸ் போகும் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம்

(வாலிபர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இந்த நகரத்துக் கல்லூரி ஒன்றில் மாணவர்களுக்கான கணினி உதவி மேசையில் வேலை செய்கிறேன். கடவுச்சொல்லை மறந்தவர், லப்டொப்பில் கோப்பி ஊற்றியவர், இரவு 11.59க்குக் கொடுக்க வேண்டிய கட்டுரையை 12.04க்கு அனுப்பப் பார்த்தவர் எல்லோரும் எங்களிடந்தான் வருவார்கள். ஆகையால் நான் கணினியைப் பற்றிப் பேசினால் கடைக்காரர் பேசுவதுபோல இராது. அவசரப் பிரிவில் நிற்கும் தாதி பேசுவதுபோல இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெற்றோருக்கு ஒரு விஷயம். இதுவரை பிள்ளை ஒரு வகுப்புக்குப் போகாவிட்டால் பின்னேரம் வீட்டுக்குத் தானாக ஒரு அழைப்பு வந்தது. ரிப்போர்ட் வந்தது. ஆசிரியரைச் சந்திக்கும் இரவு என்று ஒன்று இருந்தது. செப்ரெம்பரோடு அதெல்லாம் நின்றுவிடும். ஒன்ராறியோவின் தனியுரிமைச் சட்டப்படி பிள்ளையின் புள்ளிகள் பிள்ளைக்கே சொந்தமான தகவல். நீங்கள் இரண்டு வேலை செய்து கட்டணம் கட்டினாலும், பிள்ளையின் சம்மதம் இல்லாமல் பதிவாளர் அலுவலகம் உங்களுக்கு ஒரு வார்த்தையும் சொல்லாது. "அப்பா பேசுகிறேன்" என்று தொலைபேசி எடுத்தால் மிக மரியாதையாக மறுப்பார்கள்.

இனிப் பிள்ளைகளுக்கு. அந்த அழைப்புகள் எல்லாம் இப்போது உங்களுக்குத்தான் வரும். அவை வருவது ஒரே ஒரு வழியால்: கல்லூரி உங்களுக்குக் கொடுத்த மின்னஞ்சல். உங்கள் சொந்த ஜிமெயில் வேறு, இது வேறு. கட்டணம் பாக்கி, வகுப்பு அறை மாற்றம், பரீட்சைத் திகதி, உதவித்தொகைக்கு ஒரு கையெழுத்துக் குறைகிறது என்ற செய்தி எல்லாம் அங்கேதான் போய் விழும். அங்கே அனுப்பியாயிற்று என்றால் உங்களுக்கு அறிவித்தாயிற்று என்றே கணக்கு. "நான் அதைத் திறந்து பார்ப்பதில்லை" என்பதை யாரும் ஒரு காரணமாக எடுக்கமாட்டார்கள். அந்த அஞ்சற்பெட்டியை இன்றைக்கே போனில் ஏற்றுங்கள். காலையில் பல் துலக்கும் நேரத்தில் ஒருதடவை பாருங்கள். அது போதும்.

அடுத்தது கலண்டர். இதில் கொஞ்சம் நின்று பேசப்போகிறேன். எங்கள் மேசைக்கு வரும் கண்ணீரில் பாதி, திகதி தவறியதால் வருகிற கண்ணீர்.

முதல் வாரத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் சிலபஸ் ஒன்று தருவார்கள். ஐந்து பாடத்துக்கு ஐந்து. பலர் அதைத் தரவிறக்கி வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். இரண்டு மணித்தியாலம் ஒதுக்கி, ஒவ்வொரு சோதனை, ஒப்படை, பரீட்சைத் திகதியையும் போனிலுள்ள கலண்டரில் போடுங்கள். ஒப்படைக்கு ஒரு நினைவூட்டல் போதாது. ஒரு வாரம் முன்னுக்கு ஒன்று, இரண்டு நாள் முன்னுக்கு ஒன்று வையுங்கள். ஐந்து பாடத்தையும் ஒரே கலண்டரில் போட்டவுடன் ஒரு உண்மை தெரியும். ஒக்ரோபரில் ஒரே வாரத்தில் மூன்று சோதனைகள் வந்து நிற்கும். அதை செப்ரெம்பரில் காண்பவருக்கு ஆறு வாரம் கையில் இருக்கிறது. ஒக்ரோபரில் காண்பவருக்கு ஒரு வார இறுதிதான்.

சிலபஸில் இல்லாத இன்னும் சில திகதிகள் இருக்கின்றன. அவை கல்லூரியின் கல்வி நாட்காட்டியில் இருக்கும். ஒரு பாடத்தை விட்டால் கட்டணம் எந்த நாள் வரைக்கும் திரும்பக் கிடைக்கும்? தோல்விப் புள்ளி பதியாமல் எந்த நாள் வரைக்கும் விடலாம்? இந்த இரண்டும் வெவ்வேறு நாட்கள். இடத்துக்கு இடம் மாறும். போய்ப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது திகதிக்குப் பத்து நாள் முன்னுக்கு ஒரு நினைவூட்டல் வையுங்கள். அன்றைக்கு உட்கார்ந்து, "இந்தப் பாடத்தில் நான் எங்கே நிற்கிறேன்?" என்று உங்களையே கேளுங்கள்.

விடுவது என்று முடிவெடுக்கு முன் நிதியுதவி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். முழுநேர மாணவராக ஓசாப் உதவி பெறுபவர் முழுப் பாடச் சுமையில் 60 சதவீதமாவது எடுக்க வேண்டும். மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு 40. அதற்குக் கீழே போனால் பணம் நிற்கும், சிலவேளை திருப்பியும் கேட்பார்கள். ஊரிலிருந்து மாணவர் அனுமதியில் வந்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2024 நவம்பர் 8 முதல், படிப்பு நடக்கும் காலத்தில் கம்பஸுக்கு வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். அதுவும் முழுநேரமாகப் படிப்பவருக்கு. ஒரு பாடத்தை விட்டதால் பகுதிநேர மாணவராகிவிட்டால் வேலைக்கும் பிரச்சினை, பின்னால் விசாவுக்கும் பிரச்சினை. "அண்ணா ஒருவர் சொன்னார்" என்று நடக்காதீர்கள். கம்பஸிலேயே சர்வதேச மாணவர் அலுவலகம் இருக்கிறது. கேட்பதற்குக் காசு இல்லை.

நவம்பர் மாதத்து மாணவர் ஒருவரை எங்களுக்கு நன்றாகத் தெரியும். பெயர் மாறும், ஆள் ஒன்றுதான். முதல் சோதனையில் 43. அடுத்ததைப் பார்க்கப் பயந்து பாட இணையத்தளத்தைத் திறப்பதை நிறுத்துகிறார். திறக்காததால் ஒரு ஒப்படை தவறுகிறது. அது தவறியதால் வகுப்புக்குப் போக வெட்கம். காலையில் வழமைபோல வீட்டிலிருந்து வெளிக்கிடுகிறார். அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாடு பையில் இருக்கிறது. நாள் முழுக்க நூலகத்தில் ஹெட்போனோடு இருந்துவிட்டு ஆறு மணிக்கு வீடு திரும்புகிறார். "எப்படிப் போகுது?" என்று கேட்டால் "ஓகே". ஜனவரியில் எங்களிடம் வந்து, "கடவுச்சொல் வேலை செய்யவில்லை" என்கிறார். பார்த்தால் கடவுச்சொல் காலாவதியாகி ஆறு வாரம். இரண்டு மாதமாகத் திறக்கவேயில்லை. திறந்து கொடுத்தால் நாற்பது, ஐம்பது செய்திகள். பேராசிரியர் ஒருவர், "உன்னை வகுப்பில் காணவில்லை, எல்லாம் சரியா? என்னை வந்து பார்" என்று நவம்பர் நடுப்பகுதியில் எழுதியிருப்பார். பதில் போயிருந்தால் அந்தப் பாடத்தையாவது காப்பாற்றியிருக்கலாம்.

இவர்கள் மொக்கர்கள் இல்லை. பள்ளியில் 90 எடுத்த பிள்ளைகள். வாழ்க்கையில் முதன்முதலாக 43 கண்டவர்கள். அந்த எண்ணை ஒருவருக்காவது காட்டியிருந்தால் போதும். அந்த ஒருவர் யார் என்பதைப் பிள்ளைகளே செப்ரெம்பருக்கு முன் முடிவு செய்து வையுங்கள். அக்காவாக இருக்கலாம், மாமியாக இருக்கலாம், சபையில் படித்து முடித்த அண்ணா ஒருவராக இருக்கலாம். "முதல் சோதனைப் புள்ளி எதுவானாலும் உங்களுக்கு அனுப்புவேன்" என்று சொல்லி வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்ப ஐந்து விநாடி. பெற்றோரே, அந்தப் படம் உங்களுக்கு வந்தால், அன்றைக்கு மட்டும் பெரியப்பாவின் மகனைப் பற்றி எதுவும் பேசாதீர்கள்.

மோசடிகளுக்கு வருகிறேன். ஒவ்வொரு செப்ரெம்பரும் புதிய மாணவர்களோடு சேர்ந்து திருடர்களும் கம்பஸுக்கு வருகிறார்கள்.

அதிகம் நடப்பது இது. உங்கள் கல்லூரி மின்னஞ்சலுக்குப் பேராசிரியர் ஒருவர் பெயரில் செய்தி வரும். உதவியாளர் தேவை, வீட்டிலிருந்தே வேலை, கிழமைக்கு ஆறு மணித்தியாலம், 400 டொலர். அனுப்பிய முகவரியும் கல்லூரி முகவரி போலவே இருக்கும். சிலவேளை உண்மையாகவே இன்னொரு மாணவருடைய முகவரியாக இருக்கும், அவருடைய கணக்கை முதலே திருடியிருப்பார்கள். பதில் போட்டால் "என் தனிப்பட்ட இலக்கத்துக்கு மெசேஜ் பண்ணு" என்பார்கள். நேர்முகம் இல்லை. அடுத்த நாளே ஒரு காசோலைப் படம் வரும், 1,950 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இதைப் போனால் வைப்பிலிடு. உன் சம்பளத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்கு அலுவலகத்துக்காகப் பரிசு அட்டைகள் வாங்கி, பின்பக்கத்தைச் சுரண்டி இலக்கத்தைப் படமெடுத்து அனுப்பு."

வங்கிக் கணக்கில் பணம் தெரியும். அதுதான் பொறி. காசோலை தேறுவதற்கு முன்னமே வங்கி அதில் கொஞ்சமோ முழுவதுமோ எடுக்க விடுகிறது. அது நம்பிக்கையின் பேரில் கொடுத்த முற்பணம். சில நாள் கழித்துக் காசோலை திரும்பி வரும்போது அந்தப் பணம் முழுவதையும் வங்கி உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். நீங்கள் வாங்கி அனுப்பிய அட்டைகள் போனது போனதுதான். அது ஓசாப் பணமோ, கோடை முழுக்க ரிம் ஹோர்ட்டன்ஸில் நின்று சேர்த்த பணமோ, வங்கி பார்க்காது.

எந்தப் பேராசிரியரும் மாணவரிடம் பரிசு அட்டை வாங்கச் சொல்வதில்லை. எந்த அரச அலுவலகமும் பரிசு அட்டையில் வரி வாங்குவதில்லை. சின் நம்பரை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை, வேலையில் சேர்ந்த பிறகு கொடுத்தால் போதும். உங்கள் வங்கிக் கணக்கினூடாகத் தன் பணத்தை அனுப்ப விடு, பங்கு தருகிறேன் என்று நண்பனே கேட்டாலும் விடாதீர்கள். அது கறுப்புப் பணம் என்றால் வழக்கில் வருவது உங்கள் பெயர்.

மாட்டிக்கொண்டால்? அன்றைக்கே வங்கிக்குத் தொலைபேசி எடுங்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள். உதவி மேசைக்குச் சொல்லுங்கள், அதே செய்தி இன்னும் ஆயிரம் பேருக்குப் போயிருக்கும். கனடிய மோசடித் தடுப்பு மையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். வீட்டிலும் சொல்லுங்கள். வெட்கத்தில் இரண்டு நாள் மறைத்தால் அந்த இரண்டு நாளில் திருடன் இன்னொரு காசோலை அனுப்புவான்.

கடவுச்சொல் பற்றி நீண்ட பிரசங்கம் வைக்கப்போவதில்லை. ஒன்றைமட்டும் சொல்கிறேன். 2024 டிசம்பரில் பவர்ஸ்கூல் என்ற நிறுவனத்தின் கணினிகளில் நடந்த திருட்டில் ரொறன்ரோ பொதுப் பள்ளிச் சபை மாணவர்களின் விபரங்களும் போயின. 1985 வரைக்கும் பின்னால் போகும் பதிவுகள் அவை. பெயர், பிறந்த திகதி போன்றவை அதில் இருந்தன. அதாவது இந்த மண்டபத்தில் இருக்கும் பிள்ளைகளில் பலருடையதும், இங்கே படித்த அவர்களுடைய பெற்றோர் சிலருடையதும். ஆகவே பிறந்த நாளையும் ஆண்டையும் கடவுச்சொல்லில் வைப்பது, பூட்டின் மேலேயே திறப்பைத் தொங்கவிடுவது மாதிரி. கல்லூரிக் கணக்குக்கும் வங்கிக் கணக்குக்கும் வேறெங்கும் பாவிக்காத தனித்தனிச் சொல் வையுங்கள். கடவுச்சொற்களைக் காத்துவைக்கும் செயலி ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். போனில் "நீங்களா உள்ளே வருகிறீர்கள்?" என்ற கேள்வி வரும்போது, நீங்கள் அந்த நிமிடம் எதையும் திறக்கவில்லை என்றால் "இல்லை" என்று அழுத்துங்கள். தொந்தரவு தாங்காமல் "ஆம்" அழுத்திய பிள்ளைகளின் கணக்குகளிலிருந்துதான் மேலே சொன்ன பேராசிரியர் வேடச் செய்திகள் போகின்றன. இன்னொன்று: கிறிஸ்மஸுக்குப் புதுப் போன் வாங்குபவர்கள், பழைய போனைத் தம்பிக்குக் கொடுப்பதற்கு முன் அந்தச் செயலியைப் புதுப் போனுக்கு மாற்றுங்கள். ஜனவரி முதல் திங்கட்கிழமை எங்கள் வாசலில் நிற்கும் வரிசை முழுக்க அந்தக் கூட்டந்தான்.

லப்டொப் விஷயம். முதலில் உங்கள் துறையின் பக்கத்தில் என்ன தேவை என்று பாருங்கள். கட்டடக்கலைக்கும் தாதியியலுக்கும் ஒரே கணினி தேவையில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு 16 ஜிபி நினைவகமும், நாள் முழுக்கத் தாங்கும் பற்றரியும், முதுகு நோகாத பாரமும் போதும். மைக்ரோசொப்ட் ஒபிஸைக் காசு கொடுத்து வாங்க முன், கல்லூரிக் கணக்கோடு இலவசமாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். அப்பாவின் பழைய கணினியைக் கொண்டுபோகிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. 11க்கு மாற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் சும்மா எறியாமல் என்னிடம் கொண்டு வாருங்கள், வேறு வழி பார்ப்போம்.

எழுதியதை இரண்டு இடத்தில் வையுங்கள். 2023 ஒக்ரோபர் இறுதியில் ரொறன்ரோ பொது நூலகத்தின் கணினிகளை இணையத் திருடர்கள் முடக்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நூலகம் கப்பம் கொடுக்கவில்லை. ஆனால் மாதக்கணக்காகப் பட்டியல் இல்லை, திரும்பி வந்த புத்தகங்களைப் பதிய வழியில்லாமல் பார வண்டிப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி. உங்கள் ஒப்படை லப்டொப்பில் மட்டும் இருந்தால் ஒரு கோப்பி போதும். வன் டிரைவிலோ கூகிள் டொக்ஸிலோ எழுதினால் இன்னொரு நன்மையும் உண்டு. எப்போது எந்த வரியை எழுதினீர்கள், எதை அழித்தீர்கள் என்ற வரலாறு அதில் தானாகப் பதிந்துகொண்டே போகும்.

அந்த வரலாறு ஏன் தேவை? சட்ஜிபிடி வந்தது 2022 நவம்பர் 30. அதன்பின் பேராசிரியர்களுக்கு எல்லாக் கட்டுரையிலும் சந்தேகம். கண்டுபிடிக்க என்று வந்த கருவிகளோ நம்பத்தக்கவை இல்லை. 2023இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை "இயந்திரம் எழுதியது" என்று அவை சொல்லின. எளிய சொற்களில் எளிய வசனம் எழுதினால் இயந்திரம் என்று நினைக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து போன வருடம் வந்து, கவனமாக, பிழையில்லாமல் சிறு வசனங்களில் எழுதும் பிள்ளைக்கு இது எவ்வளவு அநியாயம்! அப்படி ஒரு பிள்ளையை விசாரணைக்குக் கூப்பிட்டால், அழுவதற்குப் பதிலாக அந்த ஆவணத்தின் வரலாற்றைத் திறந்து காட்டலாம். மூன்று கிழமை உழைப்பு நாள்வாரியாக அங்கே கிடக்கும். கைக்குறிப்புகளையும் புள்ளி வரும்வரை எறியாதீர்கள்.

அந்தக் கருவியைப் பாவிக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். சிலபஸில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒரே கட்டடத்தில் ஒரு பாடத்தில் ஆம், அடுத்த பாடத்தில் இல்லை. எழுதியிருக்காவிட்டால் பேராசிரியரிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். விளங்காத ஒரு கணக்கை எனக்கு விளக்கு என்று கேட்பதில் எனக்குத் தனிப்பட ஆட்சேபனை இல்லை. மேற்கோள் நூல்களை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத புத்தகத்துக்குப் பக்க எண்ணோடு பெயர் சொல்லும். 2023 யூனில் நியூயோர்க் நீதிமன்றம் ஒன்று, அது கற்பனை செய்த வழக்குகளைச் சரிபார்க்காமல் சமர்ப்பித்த சட்டத்தரணிகளுக்கு 5,000 டொலர் தண்டம் விதித்தது. நூலகரிடம் போங்கள். அவர்களுக்கு அதுதான் வேலை, கேட்டால் சந்தோஷப்படுவார்கள். ஸொட்டேரோ என்ற இலவச மென்பொருளை முதலாம் ஆண்டிலேயே பழகினால் நான்காம் ஆண்டில் என்னை நினைப்பீர்கள். எங்கள் நாட்டைப் பற்றி எழுத நேர்ந்தால், 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டம் இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கிறது. ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை ஒன்று அதில் தாத்தா படித்த பள்ளியின் மலரைக் கண்டெடுத்துக்கொண்டு வந்து எனக்குக் காட்டியது.

எங்கள் பிள்ளைகளில் அநேகர் வீட்டிலிருந்தே போய் வருகிறவர்கள். 2023 யூலை 24 அன்று ஸ்காபரோ ரயில் தடம் புரண்டதோடு அந்தப் பாதையே முடிந்துபோனது. இப்போது பஸ்ஸில் கெனடி போய், அங்கிருந்து சுரங்க ரயில். ஒரு வழிக்கே ஒன்றரை மணித்தியாலம் போகிறவர்கள் இருக்கிறீர்கள். வாசிக்க வேண்டியதை வீட்டு இணையத்தில் முதலே இறக்கி வையுங்கள். திரும்பி வரும்போது தூங்குங்கள், தப்பில்லை. ஆனால் வகுப்பு முடிந்த கையோடு பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். கிழமையில் ஒரு பின்னேரம் கம்பஸில் நில்லுங்கள். ஒரு சங்கம், ஒரு கிரிக்கெட் அணி, ஒரு தன்னார்வ வேலை, ஏதாவது ஒன்று. வகுப்பில் பக்கத்தில் இருப்பவரின் பெயரைக் கேட்டு, இலக்கத்தை வாங்குங்கள். காய்ச்சலில் ஒரு நாள் படுத்தால் குறிப்பு தர ஆள் வேண்டும்.

பேராசிரியர்கள் ஒவ்வொரு கிழமையும் மாணவரைச் சந்திக்க என்றே சில மணித்தியாலம் ஒதுக்கிக் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். அநேகமாகத் தனியேதான் இருப்பார்கள். எங்கள் வீடுகளில் பெரியவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்த்துவிட்டோம். இங்கே கேட்காமல் இருப்பதைத்தான் அக்கறையின்மை என்று எடுப்பார்கள். முதல் மாதத்திலேயே, பிரச்சினை ஒன்றும் இல்லாதபோதே, ஒருதடவை போய் முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். பிறகு 43 வந்தால் போவது எளிது.

இன்னொரு இலக்கம்: 988. 2023 நவம்பர் 30 முதல் கனடா முழுவதும், இரவு பகல் எந்த நேரமும், உயிரை விடலாமோ என்ற எண்ணம் வருகிறவர்கள் அழைக்கலாம், மெசேஜும் அனுப்பலாம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசுவார்கள். இதைப் போனில் பதிந்து வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் நண்பனுக்குத் தேவைப்படலாம். பெற்றோரும் பதியுங்கள்.

ஓகஸ்ட் கடைசி ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கீழ் மண்டபத்தில் இரண்டு மணித்தியாலம் இருப்பேன். லப்டொப், போன், சார்ஜர், கல்லூரிக் கணக்கின் கடவுச்சொல், இதுவரை வந்த சிலபஸ்கள் எல்லாவற்றோடும் வாருங்கள். மின்னஞ்சலைப் போனில் ஏற்றி, கலண்டரைப் போட்டு முடித்துவிட்டுத்தான் எழும்புவோம். தேநீரும் ரோல்ஸும் மாதர் சங்கம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. பெற்றோர் மேலே இருந்து கதைக்கலாம், கடவுச்சொல் அடிக்கும் நேரத்தில் மட்டும் பக்கத்தில் நிற்க வேண்டாம்.